மஞ்சள் கட்டிய நிரைகள்

எதையும் செய்து பார்த்துவிட்டுத்தான் நம்புவேன் என்கிற பிடிவாதம் எனக்கு உண்டு. துணி வெளுக்க ஒரு ஸ்பூன் சோப்புத்தூள் வேண்டுமா, அரை ஸ்பூன் போதுமா என்று ஒரு மாதம் முழுக்க இரண்டு வாளிகளில் தனித்தனியாக ஊறவைத்துப் பார்த்தவள் நான். அரை ஸ்பூனே போதும் என்று தெரிந்தது. அன்றிலிருந்து விளம்பரத்தில் யார் சிரித்துக்கொண்டு எதைச் சொன்னாலும் எனக்கு எரிச்சல்தான் வரும். வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்வார்கள். இதே புத்தியை மலைக்கும் கொண்டுபோனேன். அங்கேதான் குழம்பிப்போனேன், இன்னும் முழுதாகத் தெளியவில்லை.

எங்களுக்கு வீடு போடியில். ஏலக்காய்த் தோட்டம் போடிமெட்டைத் தாண்டி, கேரள எல்லைக்கு அந்தப் பக்கச் சரிவில். என் கணவர் முப்பது வருடம் விடிந்ததும் ஜீப்பில் ஏறி, பொழுது சாய இறங்கியவர். முழங்காலில் ஆபரேஷன் ஆனபிறகு அவரால் சரிவில் கால் ஊன்ற முடியவில்லை. ஆட்களை வேலை வாங்கும் மேஸ்திரியை மட்டும் நம்பித் தோட்டத்தை விடுவதா என்று அவர் ஒரு வாரம் யோசித்தார். எட்டாவது நாள், நான் போகிறேன் என்றேன். அவர் சிரித்தார். முதல் நாள் வளைவுகளில் எனக்குக் குடலே வெளியே வந்துவிடும் போல இருந்தது. பின்னால் நெருக்கி உட்கார்ந்திருந்த காய் எடுக்கும் பெண்களில் ஒருத்தி முன் சீட்டுக்கு ஒரு எலுமிச்சம்பழத்தை நீட்டி, “மோந்துக்கிட்டே வாங்கக்கா, கண்ண மூடாதீக” என்றாள். மூன்றாவது மாதத்தில் எலுமிச்சம்பழம் தேவைப்படவில்லை.

எனக்கு அந்த வேலை பிடித்துப்போனது. இதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை. ஐம்பது வயதுக்கு மேல் ஒருத்திக்கு ஈரத்தில் நிற்பதும் அட்டைக்கடி வாங்குவதும் பிடிக்கிறது என்று சொன்னால் வீட்டில் என்ன நினைப்பார்கள்? ஆனால் காலையில் தூக்குச்சட்டியில் சோற்றை அடைத்துக்கொண்டு ஜீப் நிற்கும் இடத்துக்கு நடக்கும்போது எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த ஊரில் எனக்கென்று இருந்த முதல் சோலி அதுதான்.

ஒரு வருடம் இப்படிப் போனபிறகுதான் குத்தகைப் பேச்சு வந்தது. உரச் செலவு எங்களை அழுத்திக்கொண்டிருந்தது. வருடத்துக்கு ஆறு தடவை உரம் வைப்பது என் கணவரின் வழக்கம். ஒவ்வொரு தடவையும் ஒரு லோடு போடியிலிருந்து மலையேறும். ரோட்டோரம் இறக்கி, அங்கிருந்து தலைச்சுமையாகச் சரிவில் இறக்க வேண்டும். தோட்டத்தைக் குத்தகைக்குக் கேட்டு ஒருவர் வீட்டுக்கே வந்து போனார். மரியாதையான மனிதர். எனக்கு அவரைப் பிடிக்கவில்லை.

“உரச் செலவு பாதியாக் கொறஞ்சா நாமளே பாக்கலாம். இல்லன்னா குடுத்துருவோம், எதுக்கு இம்புட்டுப் பாடு?” என்றார் என் கணவர்.

“பாதியாக் கொறச்சிருவோம்.”

“கொறச்சா காய் கொறையும். இதுகூடத் தெரியாதா?”

“கொறச்சுப் பாத்தீங்களா?”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “யாராச்சும் வேணும்னே செடியப் பட்டினி போட்டுப் பாப்பாங்களா?” என்றார். முப்பது வருடத்தில் ஒரு தடவைகூடச் செய்து பார்த்ததில்லை என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நான் செய்து பார்ப்பதாகச் சொன்னேன். ஒரு வருடம் காய் எடுப்பு முடிகிறவரை பார்ப்பது, உரம் இல்லாத செடியும் உரம் வைத்த செடியும் ஏறக்குறைய ஒரே அளவு காய்த்தால் தோட்டம் எங்களிடம், இல்லையென்றால் குத்தகைக்கு என்று பேசி முடித்தோம்.

இடத்தை நான் நன்றாகத்தான் தேர்ந்தெடுத்தேன். ஒரே சரிவு, ஒரே நிழல், ஒரே வயதுச் செடிகள். தோட்டத்தில் செடி வரிசையை நிரை என்பார்கள். பக்கத்துப் பக்கத்தில் ஒன்பது நிரைகள், நடுவில் ஒன்றை விட்டுவிட்டேன். இடது பக்கம் நான்கு நிரைக்கு வழக்கம்போல உரம். வலது பக்கம் நான்குக்கு ஒன்றுமே கிடையாது. பாதி என்று தொடங்கினால் சின்ன வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, அதனால் முழுப் பட்டினியே போடுவோம் என்று எண்ணினேன். என் பழைய மஞ்சள் சேலை ஒன்றைக் கிழித்து அந்த நான்கு நிரையின் தலைப்பிலும் கடைசியிலும் கட்டினேன். நான்கு நிரை என்பது ஒரு பெண்ணுக்கு ஒரு நாள் வேலை. மஞ்சள் கட்டிய பக்கத்துக்குச் சிலமலையிலிருந்து வரும் ஓர் அம்மாவை நிறுத்தச் சொன்னேன். என் வயதுதான் இருக்கும், நிதானமான கை. உரம் வைத்த பக்கத்துக்குக் கெம்பு மூக்குத்தி போட்ட ஒரு பெண். இரண்டு பேரின் வேகமும் ஒன்று என்று மேஸ்திரி சொன்னார். ஆள் மாறினால் கணக்கு மாறிவிடும் என்பதால் ஒவ்வொரு எடுப்புக்கும் அதே இரண்டு பேர்தான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

எதற்கு என்று மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சோதனை கெட்டுவிடும், மனுஷர்கள் தெரிந்தோ தெரியாமலோ கையை வைத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். மஞ்சள் துணியைப் பார்த்து, “என்னக்கா, எதுவும் வேண்டுதலா?” என்று மூக்குத்திக்காரப் பெண் கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். ஒருவகையில் அது பொய்யும் இல்லை.

நாற்பது நாளைக்கு ஒரு எடுப்பு. ஆவணியில் வந்த முதல் எடுப்பில் இரண்டு வாளியும் ஏறக்குறைய ஒரே எடை. செடியில் பழைய தெம்பு இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாவது எடுப்பிலும் அப்படியே. மூன்றாவதில் மஞ்சள் பக்கம் ஒரு கிலோ கூடுதலாகவே வந்தது. தராசுக்குக் கீழே நின்று மேஸ்திரியைத் திரும்பவும் நிறுக்கச் சொன்னேன். அவர் சலித்துக்கொண்டே நிறுத்துவிட்டு, “மதி அம்மா, தராசு அதேதான் சொல்லுது” என்றார். எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது.

ஆனால் கண் வேறு ஒன்றைச் சொன்னது. அதுதான் என்னைப் படுத்திய விஷயம். மஞ்சள் நிரைகளில் நடந்து போனால் இலை வெளுத்துத் தெரிந்தது. தரையில் படர்ந்த காய்ச்சரங்கள் மெலிந்து, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காய் பிடித்திருந்தன. உரம் வைத்த பக்கம் போனால் சரம் நெருக்கமாக, காய் பருத்து, இலை கரும்பச்சையாக இருந்தது. பார்த்தால் பாதிகூடத் தேறாது போல இருக்கிறது, நிறுத்தால் சமமாக வருகிறது. ஒருநாள் குனிந்து இரண்டு பக்கமும் பத்துப் பத்துச் சரத்தில் காயை எண்ணினேன். மஞ்சள் பக்கம் குறைவாகத்தான் இருந்தது. தவறான சரங்களை எண்ணிவிட்டேன் போல என்று எழுந்து வந்துவிட்டேன். எனக்கு வேண்டிய பதிலைத் தராசு சொல்லிக்கொண்டிருந்ததால் தராசின் பக்கம் நின்றேன். அரை ஸ்பூன் சோப்புத்தூள் போட்ட நாளில் நான் இப்படி ஒருதலையாக இருந்ததில்லை.

விசாரித்தும் பார்த்தேன். போடியில் உரக்கடைக்காரர், “மண்ணுல பழைய உரம் கெடக்கும்ல, அதத் தின்னுக்கிட்டு இருக்கு. அடுத்த வருசம் தெரியும் பாருங்க கூத்து” என்றார். எங்களுக்கு மேலே தோட்டம் வைத்திருக்கிறவர், தன் உரம் மழையில் கரைந்து எங்கள் நிரைக்கு இறங்கியிருக்கும் என்றார். அப்படியென்றால் அது ஏன் மஞ்சள் கட்டிய நிரைக்கு மட்டும் பார்த்து இறங்குகிறது என்று கேட்டேன். அவர் கோபித்துக்கொண்டார். மண் மாதிரி எடுக்க வந்த இளம்பெண் அதிகாரி, நான்கு நிரை போதாது, பல இடத்தில் கலந்து கலந்து செய்ய வேண்டும் என்று பொறுமையாக விளக்கினாள். மூன்று பேர் சொன்னதும் சரிதான் போல இருந்தது. மூன்றும் சரியென்றால் எனக்கு எதுவுமே தெரியாது என்றாகிறது. இரண்டு நாள் யாருடனும் சரியாகப் பேசாமல் சமையல் செய்தேன்.

என் கணவர் மட்டும் நம்பத் தொடங்கிவிட்டார். ஊன்றுகோலோடு டீக்கடை வரை நடந்துபோய், உரமே வைக்காமல் தன் மனைவி காய் எடுக்கிறாள் என்று சொல்லிவிட்டு வந்தார். குத்தகைக்காரரிடம் இன்னும் இரண்டு எடுப்பு பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றாராம்.

நான்காவது எடுப்பு மார்கழியில். மூன்று மணிவாக்கில் பருவம் தப்பிய மழை ஒன்று பிடித்தது. சாதாரணமாக நான் அந்த நேரத்தில் காய் உலர்த்தும் ஸ்டோரில் விறகைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அன்று மழைக்குப் பயந்து, பெண்கள் ஒதுங்கும் தகரக் கொட்டகைக்குள் ஓடினேன். மேஸ்திரி தராசை எடுக்கப் போயிருந்தார். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, பால் சேர்க்காத கட்டன் சாயாவை ஒரு கையில் வைத்துக்கொண்டு, மறு கையால் வாளியில் கிடந்த இலையையும் காம்பையும் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். பேச்செல்லாம் யாருடைய மகளுக்கோ வந்திருந்த வரனைப் பற்றி. நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போது மூக்குத்திக்காரப் பெண் தன் வாளியிலிருந்து ஒரு கை காயை அள்ளிச் சிலமலைக்காரம்மாவின் வாளியில் போட்டாள். அவள் பக்கத்தில் இருந்தவளும் ஒரு கை போட்டாள். எதிரில் இருந்தவள் எழுந்து வந்து இரண்டு கை போட்டுவிட்டுப் போனாள். வரன் பேச்சு நிற்கவே இல்லை.

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது, புரிந்ததும் கோபம் வந்தது. “என்ன செய்றீங்க?” என்று கத்திவிட்டேன்.

எல்லோரும் திரும்பினார்கள். மூக்குத்திக்காரப் பெண்தான் பேசினாள். “என்னக்கா, புதுசாக் கேக்குறீக? யாரு வாளி கொறையுதோ அவளுக்குப் போடுறதுதான. இன்னைக்கு அந்தம்மா, நாளைக்கு நான். எட கொறஞ்சுக்கிட்டே வந்தா மேஸ்திரி அடுத்த நாளு ஜீப்புல ஏத்த மாட்டாரு.”

“எப்போலருந்து?”

“எப்போலருந்துன்னா? எங்காத்தா காய் எடுத்த காலத்துல இருந்துதான்.”

நான் உட்கார்ந்துவிட்டேன். சிலமலைக்காரம்மா வாளியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே கேட்டார். “நான் என்னக்கா தப்பு செஞ்சேன்? தடவ தடவைக்கு எனக்குன்னு அந்த மொட்ட நெரையவே குடுக்குறீக. ஏதோ கோவம்னு நெனச்சேன். வேல வேணும்ல, அதான் கேக்கல.”

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஆள் மாறக் கூடாது, எடை சுத்தமாக வர வேண்டும், யாருக்கும் தெரியக் கூடாது என்று நான் அத்தனை கவனமாகச் செய்ததெல்லாம் அந்த அம்மாவின் பக்கத்திலிருந்து பார்த்தால் தண்டனை. ஐந்து மாதமாக அவர் என்ன குற்றம் செய்தோம் என்று யோசித்துக்கொண்டே என் மெலிந்த சரங்களுக்கு முன்னால் குந்தியிருக்கிறார். மற்றவர்கள் என் கோபத்திலிருந்து அவரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள். அவமானமாக இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். மஞ்சள் துணி, உரம், குத்தகை எல்லாம். மன்னிப்பும் கேட்டேன்.

“அட, இம்புட்டுத்தானா?” என்று அவர் சிரித்தார். “மொதல்லயே சொல்லியிருந்தா நானே சொல்லிருப்பேன்ல. அந்தப் பக்கம் காய் கம்மிதான்.”

“எவ்வளவு கம்மி?”

அவர் வாளியைப் பார்த்தார், கையைப் பார்த்தார். “அது எப்பிடித் தெரியும்? கொஞ்சம் நான் எடுத்தது, கொஞ்சம் இவுக போட்டது” என்றார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர், “அப்ப ஓடைப்பக்கம் காய் அதிகம்னு நான் எப்பிடிச் சொன்னேன்?” என்றார். முப்பது வருடம் எடை போட்டவர். எந்தப் பக்கத்துக்கு எந்த உரம், எது நல்ல நிரை, எது மலட்டு நிரை என்றெல்லாம் அவர் மனதில் இருந்தது அந்த எடைகளிலிருந்து வந்ததுதான். அத்தனை எடையும் கொட்டகையில் சமன் செய்யப்பட்ட பிறகு தராசுக்கு வந்தவை. என் குழப்பம் போதாதென்று அவரையும் குழப்பிவிட்டேன். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு சாப்பிட்டோம்.

அடுத்த எடுப்பு வரும் நாளில் பதில் சொல்வதாக அவர் ஏற்கெனவே குத்தகைக்காரருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. மஞ்சள் நிரை நான்கையும் நானே எடுப்பது, என் வாளி நேராகத் தராசுக்குப் போவது. சிலமலைக்காரம்மாவை உரம் வைத்த நிரைக்கு மாற்றினேன். ஜீப்பிலேயே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். “இன்னைக்கு எங்க ரெண்டு பேரு வாளியிலயும் யாரும் போடக் கூடாது, எங்ககிட்டருந்து யாரும் வாங்கவும் கூடாது. கொறஞ்சா கொறயட்டும். யாரையும் ஒண்ணும் சொல்ல மாட்டேன், மேஸ்திரிகிட்டயும் பேசிட்டேன்.” எல்லோரும் தலையாட்டினார்கள்.

காய் எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று இரண்டு வருடம் மேலே நின்று பார்த்த எனக்குத் தெரிந்திருக்கவில்லை. தூருக்கு முன்னால் குந்தி, சரத்தைத் தூக்கி, முற்றிய காயை மட்டும் காம்பில்லாமல் கிள்ள வேண்டும், பிஞ்சு வரக் கூடாது. ஒரு நிரை முடிவதற்குள் முட்டி பேசத் தொடங்கியது. என் கணவரின் முழங்காலை நினைத்துக்கொண்டேன். நகக்கண் கறுத்து எரிந்தது. மத்தியானம் நான் மூன்றாவது நிரையில் பாதியில் இருந்தபோது சிலமலைக்காரம்மா தன் நான்காவதில் நுழைந்தார். என் வாளியில் காயைவிடக் காம்பும் இலையும் அதிகம். இருந்தாலும் அது என் காய், மஞ்சள் நிரையின் காய், வேறு யாருடையதும் இல்லை. அந்த எண்ணத்தில் நான்காவது நிரையையும் முடித்தேன்.

கொட்டகைக்கு வந்ததும் வாளியை வைத்துவிட்டுக் கையில் இருந்த பிசினைக் கழுவ ஓடைக்குப் போனேன். ஐந்து நிமிடம் இருக்கும். திரும்பி வந்து வாளியைத் தூக்கினால் கனத்தது. மேலே கிடந்த காய்கள் பருத்தவை. ஒன்றிலும் காம்பில்லை. என் கை எடுத்த காய் அப்படி இருக்க வழியே இல்லை.

எல்லோரையும் பார்த்தேன். ஒருத்தியும் என் கண்ணைப் பார்க்கவில்லை. கடைசியில் சிலமலைக்காரம்மாதான் சொன்னார். “கோவிச்சுக்காதீகக்கா. ஒங்க வாளியப் பாக்கச் சகிக்கல.”

“மேஸ்திரி என்னைய என்னம்மா சொல்லப்போறாரு? என்னைய ஜீப்புல ஏத்தாம விட்ருவாரா?”

“அது தெரியுது. இருந்தாலும் காலையில இருந்து குத்தவச்சுக் கஷ்டப்பட்டீகள்ல. மனசு கேக்கல.”

தராசில் மாட்டினார் மேஸ்திரி. பதினாறு கிலோ, எப்போதும் வருகிற அதே எடை. எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இரண்டில் எது என்று அவர்களுக்கும் தெரியவில்லை. மூக்குத்திக்காரப் பெண் ஒரு டம்ளர் கட்டனை என் கையில் வைத்தாள்.

கொட்டகைக்கு வெளியே, பலாமரத்துக்கு அடியில் மட்டும்தான் போனில் சிக்னல் கிடைக்கும். அங்கே போய் நின்றதும் என் கணவர் கூப்பிட்டார்.

“நாலு நெரையும் எம்புட்டு?”

“பதினாறு.”

“பரவால்லையே!”

“அதுல என்னோடது எவ்வளவுன்னு தெரியலைங்க” என்றேன். நடந்ததைச் சொன்னேன். சிக்னல் விட்டு விட்டு வந்தது, மரத்தைச் சுற்றி நகர்ந்தேன்.

“குத்தகைக்காரரு எதிர்க்கவே உக்காந்திருக்காரு. நான் என்னன்னு சொல்ல?” என்று மெதுவாகக் கேட்டார்.

கொட்டகையில் என் வாளியையும் தன் வாளியையும் சேர்த்துச் சிலமலைக்காரம்மா கழுவிக்கொண்டிருந்தார். தோட்டத்தைக் கொடுப்பதா வேண்டாமா என்ற இந்த ஒரு கேள்விக்குத்தான் நேற்றுவரை எனக்குத் தராசின் எண் வேண்டியிருந்தது.

“தோட்டத்தைக் குடுக்க வேணாங்க. எனக்கு இங்க வரணும்.”

“உரம்?”

“பாதி வைப்போம்.”

“பாதி போதும்னு தெரிஞ்சுபோச்சா?”

“தெரியலைங்க.”

அவர் போனை வைக்காமலே எதிரில் இருந்தவரிடம் பேசுவது எனக்குக் கேட்டது. “இல்லப்பா, குடுக்குறதா இல்ல. வீட்டுல தோட்டத்தப் பாத்துக்கிறாக.”